நிற்கிற வீட்டுக்குப் படிவத்தில் கட்டம் இல்லை

கேள்வி: டெல்டா பகுதியில் ஒரு கோயில் நகரம் எங்களுடையது. ஊர்ப் பெயரைப் போட வேண்டாம். மாமியார் வழியில் வந்த வீடு 18 அடி அகலம், தெருவுக்குத் தெரு நீளம், இரண்டு பக்கமும் பொதுச் சுவர். சில வருடங்களாகப் பூட்டிக் கிடக்கிறது. கூடத்தில் இருபது பெண்களுக்குத் தையல், ஆரி ஒர்க் பயிற்சி, ரேழியில் (வாசலை ஒட்டிய நடையில்) அவர்கள் தைத்ததை விற்க ஒரு சின்ன கவுன்டர், மச்சில் (மாடியில்) துணி ஸ்டாக் என்று திட்டம். ஒரு சுவரையும் இடிக்கப் போவதில்லை. ஆனாலும் ஃபைல் இரண்டு தடவை திரும்பி வந்துவிட்டது. முதலில் பக்கவாட்டில் காலியிடம் விடவில்லை என்றார்கள். அடுத்தது வாகன நிறுத்தம் காட்டவில்லை என்றார்கள். "இடிச்சுட்டுப் புதுசா கட்டுங்கம்மா, பிளான் சுலபமா வாங்கித் தர்றேன்" என்கிறார் சர்வேயர். எங்கள் தெருவிலேயே இதுபோல் ஏழெட்டு வீடுகள் சும்மா கிடக்கின்றன. எல்லோரும் சேர்ந்து நகராட்சியில் மனுக் கொடுக்கலாம் என்றிருக்கிறோம். விதியைத் தளர்த்தச் சொல்லிக் கேட்கலாமா?

கட்டடக் கலைஞரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதல் காரியமாக, இடிக்காதீர்கள். சர்வேயர் பொய் சொல்லவில்லை. காலி மனைக்குப் பிளான் வாங்குவது அவருக்கு உண்மையிலேயே சுலபம். ஆனால் 18 அடி மனையில் பக்கத்துக்குக் கொஞ்சம் விட்டு, முன்னால் கொஞ்சம் விட்டு, படிக்கட்டும் வைத்த பிறகு என்ன மிஞ்சும் என்று ஒரு தாளில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். இன்னொன்றையும் கேளுங்கள். பொதுச் சுவரில் உங்கள் விட்டம் மட்டும் உட்காரவில்லை, அடுத்த வீட்டுக்காரர் விட்டமும் உட்கார்ந்திருக்கிறது. உங்கள் பக்கம் இடிக்கிற அன்றைக்கு அவர் மச்சுக்கு யார் பொறுப்பு?

ஃபைல் ஏன் திரும்புகிறது என்பதைப் புரிந்துகொண்டால்தான் மனுவில் என்ன எழுதுவது என்று தெரியும். நகரமைப்புப் பிரிவில் உங்கள் ஃபைலைப் பார்க்கிறவர் கையில் ஒரு சரிபார்ப்புப் பட்டியல் இருக்கும். முன்பக்க இடைவெளி எவ்வளவு, பக்கவாட்டில் எவ்வளவு, பார்க்கிங் எத்தனை, சாலை அகலம் எத்தனை என்று வரிசையாகக் கட்டங்கள். அந்தப் பட்டியல் காலி மனையை மனதில் வைத்துத் தயாரானது. கட்டடம் ஏற்கெனவே நிற்கிறது, அதன் வேலைதான் மாறுகிறது என்று எழுத அதில் கட்டமே இல்லை. பக்கவாட்டு இடைவெளி என்ற இடத்தில் பூஜ்யம் வந்தால், அவரால் 'இல்லை' என்றுதான் எழுத முடியும். மனம் இரங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டால், நாளைக்குத் தணிக்கையில் ஆட்சேபம் வருவது அவர் பேருக்குத்தான். இந்த இடத்தில் லஞ்சம் பற்றிப் பேச நிறைய பேர் வருவார்கள். அது இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் நேர்மையான அலுவலர்கூட இந்த ஃபைலைத் திருப்பித்தான் அனுப்புவார். அவர் பயமில்லாமல் கையெழுத்துப் போட ஒரு கட்டம் கிடைக்க வேண்டும். மனு அதற்காகத்தான் இருக்க வேண்டும்.

மனுவுக்கு முன்னால் உங்கள் சொந்த ஃபைலைச் சரிசெய்துகொள்வோம். உங்கள் கடிதத்தில் மூன்று விஷயங்கள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. நில உபயோகம் ஒன்று. உங்கள் டவுன் சர்வே எண் முழுமைத் திட்டத்தில் எந்த மண்டலத்தில் வருகிறது? முதன்மைக் குடியிருப்பா, கலப்புக் குடியிருப்பா, வணிகமா? கோயிலைச் சுற்றிய பழைய தெருக்கள் பல ஊர்களில் கலப்பிலோ வணிகத்திலோதான் வரும். அப்படி வந்து, உங்கள் உபயோகமும் அந்த மண்டலத்துக்கான பட்டியலில் இருந்தால், நில உபயோக மாற்றம் என்ற நீண்ட பயணமே உங்களுக்குத் தேவையில்லை. கட்டடத்தின் உபயோக மாற்றம் என்பது வேறு. தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971 ஒரு கட்டடத்தின் பயன்பாட்டைக் கணிசமாக மாற்றுவதையும் 'வளர்ச்சி' என்றே எடுத்துக்கொள்கிறது. அதனால் சுவரைத் தொடாவிட்டாலும் அனுமதி வேண்டும். நீங்கள் அலைவது இதற்காகத்தான். தொழில் உரிமம் மூன்றாவது. அது பிறகு வருவது, அதைப் பற்றி இப்போது கவலைப்பட வேண்டாம். வெள்ளையடிப்பது, பூச்சு வேலை, தரை போடுவது, உடைந்த ஓட்டை மாற்றுவது போன்ற பராமரிப்புக்கு யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை. அதை இன்றைக்கே ஆரம்பிக்கலாம்.

பக்கவாட்டு இடைவெளி விஷயத்தில் உங்களுக்கு நல்ல பிடி ஒன்று இருக்கலாம். 2019-இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளில் 'தொடர் கட்டடப் பகுதி' என்று ஒரு வகை உண்டு. வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டியே நிற்கும் தெருக்களுக்கானது. அங்கே பக்கவாட்டில் இடம் விடச் சொல்ல மாட்டார்கள். உங்கள் தெரு அப்படி அறிவிக்கப்பட்டிருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். அறிவிக்கப்பட்டிருந்தால் முதல் ஆட்சேபம் அன்றோடு முடிந்தது. அறிவிக்கப்படவில்லை என்றால், தெருவே சேர்ந்து கேட்க வேண்டிய முதல் விஷயம் அதுதான்.

வரைபடத்தை மறுபடி போடச் சொல்லுங்கள். உங்கள் சர்வேயர் புதுக் கட்டடம் மாதிரியே ஒரே நிறத்தில் போட்டிருப்பார் என்று நினைக்கிறேன். பெரும்பாலும் அப்படித்தான் வருகிறது. உள்ளது உள்ளபடி ஒரு தாள் இருக்கட்டும், செய்யப்போவது இன்னொரு தாளில் வரட்டும். வழக்கப்படி புதிய வேலை சிவப்பு, இடிக்கப்போவது மஞ்சள். உங்கள் இரண்டாவது தாளில் மஞ்சள், பின்னால் சொல்லப்போகும் கொல்லைக் கதவை அகலமாக்கும் இடத்தோடு நின்றுவிடும், சிவப்பு அந்தக் கதவோடும் ஒரு கழிப்பறையோடும் நின்றுவிடும். பார்த்தவுடனே இது எந்த மாதிரி ஃபைல் என்று அலுவலருக்குத் தெரிந்துவிடும். கூடவே வீட்டின் வயதைக் காட்டும் ஆதாரங்கள் வேண்டும். பழைய சொத்து வரி ரசீது, மின் இணைப்பு அட்டை எல்லாம் ஆகும். முக்கியமாகப் பழைய கிரயப் பத்திரத்தின் சொத்து விவரத்தில் 'மச்சு வீடு', 'ஓட்டு வீடு' என்று எழுதியிருந்தால் அந்தப் பக்கத்தின் நகலை மேலே வையுங்கள்.

இனி வீட்டுக்குள் வருகிறேன். உங்கள் திட்டத்தில் எனக்குப் பிடிக்காத ஒரே விஷயம் மச்சில் துணி ஸ்டாக். வீட்டு உபயோகத்துக்கு ஒரு தளம் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ தாங்கினால் போதும் என்று கணக்கிடுவோம். வகுப்பறைக்கு 300 கிலோ. சரக்கு அடுக்குகிற இடத்துக்குக் குறைந்தது 500. தேக்கு விட்டத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் போட்ட மெட்ராஸ் டெரஸ் தளத்தைக் கட்டிய கொத்தனாருக்கு உங்கள் துணி பேல்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. அது நூறு வருடம் நின்றதே என்பது பதில் ஆகாது, நூறு வருடமும் அங்கே பாயும் தலையணையும்தான் இருந்தன. ஸ்டாக்கைக் கீழே காமரா உள்ளில், அதாவது உள்ளறையில், வையுங்கள். மச்சுப் படி செங்குத்தாகவும் குறுகலாகவும்தான் இருக்கும். பயிற்சிக்கு வரும் பெண்கள் யாரும் அதில் ஏற வேண்டிய அவசியமே இல்லாதபடி திட்டத்தை மாற்றிவிட்டால் பாதிக் கேள்விகள் தானாக விழுந்துவிடும்.

விட்டத்தின் நடுவைப் பார்த்துத் தட்டிவிட்டு 'நல்ல தேக்கு சார்' என்று போய்விடுகிற பொறியாளரை நம்பாதீர்கள். விட்டம் கெடுவது சுவருக்குள் போகும் முனையில். சுவரில் ஊறிய மழைநீர் அங்கேதான் தேங்கும், கரையானும் அங்கேதான் புகும். ஒரு ஸ்க்ரூ டிரைவரை அந்த முனையில் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். கால் அங்குலத்துக்கு மேல் சுலபமாக இறங்கினால் அந்த விட்டத்துக்குக் கீழே தாங்கல் வேண்டும். எந்தெந்த விட்டம், எந்த முனை என்று எண் போட்டு எழுதித் தருகிறவரிடம்தான் ஸ்டெபிலிட்டி சர்டிபிகேட் வாங்க வேண்டும். ஒரே வரியில் 'கட்டடம் உறுதியாக உள்ளது' என்று தருகிற சான்றிதழ் அலுவலருக்கும் உதவாது, உங்களுக்கும் உதவாது.

மின்சாரத்தில் தையல் மெஷின் பெரிய பாரம் இல்லை. இஸ்திரிப் பெட்டிதான் பாரம். ஒன்று ஆயிரம் வாட் என்று வைத்தால்கூட நான்கு பெட்டி ஒரே நேரத்தில் ஓடும்போது பழைய மரப்பட்டி ஒயரிங் சூடேறும். பக்கத்திலேயே துணி. முழு ஒயரிங்கையும் மாற்றுங்கள், கசிவு ஏற்பட்டால் தானே விழுகிற பிரேக்கர் போடுங்கள், இஸ்திரிக்குத் தனி லைன் இழுங்கள். இந்த வீட்டில் நீங்கள் பணம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான்.

வெளியேறும் வழி விஷயத்தில் உங்களுக்கு அதிர்ஷ்டம். தெருவுக்குத் தெரு வீடு என்பதால் கொல்லை வாசல் இன்னொரு தெருவில் திறக்கிறது. இரண்டாவது வழி தாத்தா காலத்திலேயே இருக்கிறது. அந்தக் கதவை ஒரு மீட்டர் அகலமாக்கி, வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாட்டுங்கள். முன்வாசலில் செதுக்கல் வேலை செய்த நிலை இருக்கும், அதைத் தொட வேண்டாம். வகுப்பு நடக்கும் நேரம் முழுக்கக் கதவு திறந்து கொக்கியில் மாட்டப்பட்டிருக்கும் என்று ஒரு நிபந்தனையாக நீங்களே எழுதிக் கொடுங்கள். முற்றத்தின் மேல் ஃபைபர் ஷீட் போடும் எண்ணம் இருந்தால் கைவிடுங்கள். இப்போதெல்லாம் பழைய வீட்டைக் கையில் எடுக்கிறவர்கள் முதலில் செய்கிற காரியம் அதுதான். திறந்த முற்றம் வெளிச்சத்துக்கு மட்டுமல்ல, தீப்பிடித்தால் புகை போகிற வழியும் அதுவே. மூடினால் அதையும் கட்டிய பரப்பாகக் கணக்கிட்டு இன்னொரு ஆட்சேபமும் வரலாம்.

சாய்தளத்தையும் யாராவது கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற சரிவில், இரண்டரை அடி உயரத் திண்ணைக்கு முப்பது அடி நீளச் சாய்தளம் வேண்டும். தெருவில்தான் போட முடியும், போட விடமாட்டார்கள். கொல்லைப் பக்கத் தரைமட்டத்தை அளந்து பாருங்கள். ரோட்டை மேலே மேலே போட்டு உயர்த்தியதில் நம் ஊர்ப் பழைய வீடுகள் பலவற்றுக்கு ஏற வேண்டிய படியே இல்லாமல் போய்விட்டது. மழைக்காலத்தில் திட்டிக்கொள்வோம், இந்த ஒரு காரியத்துக்காவது உபயோகமாகட்டும்.

இவ்வளவு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. விதியைத் தளர்த்துங்கள் என்று மனுவில் எழுதினால் எந்தக் கூட்டத்திலும் முதலில் எழும் பெயர் கும்பகோணம். 2004 ஜூலை 16 அன்று அங்கே ஒரு பள்ளியில் தீப்பிடித்து 94 குழந்தைகள் இறந்தார்கள். சமையல் கூடத்துக் கீற்றில் பிடித்த தீ மேல்மாடி வரை போனது, குழந்தைகள் வெளியே வரக் குறுகலான வழிதான் இருந்தது. டெல்டாவில் இருக்கும் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் எதிர்ப்பக்கத்தையும் சொல்லுங்கள். 2014 ஜூன் 28-இல் சென்னை மவுலிவாக்கத்தில் இடிந்து 61 பேரைக் கொன்ற 11 மாடிக் கட்டடம் புத்தம் புதியது, திட்ட அனுமதியும் பெற்றது. பழசா புதுசா என்பது பாதுகாப்புக்கு அளவுகோல் இல்லை. கீற்று, குறுகல் வழி, கெட்டுப்போன விட்டம், சூடேறும் ஒயர் இவைதான் ஆளைக் கொல்பவை. அடுத்த வீட்டுச் சுவரோடு ஒட்டியிருப்பதும், வாசலில் கார் நிறுத்த இடமில்லாததும் யாரையும் கொன்றதில்லை. உங்கள் ஃபைலைத் திருப்பிய இரண்டு ஆட்சேபமும் பின்னால் சொன்ன வகை. முன்னால் சொன்ன நான்கில் ஒன்றைக்கூட இரண்டு தடவையிலும் யாரும் கேட்கவில்லை என்பதைக் கவனித்தீர்களா? மனுவின் முதல் பத்தியாக இதையே வையுங்கள்.

வெளியூரில் என்ன செய்தார்கள் என்று கேட்பார்கள், இரண்டு மூன்று உதாரணம் கையில் இருக்கட்டும். அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் ஒரு காலத்தில் நம் நிலைமைதான். புதுப்பிக்கும் செலவு கட்டடத்தின் மதிப்பில் பாதியைத் தாண்டினால், முழுக் கட்டடத்தையும் புதுக் கட்டடத்துக்கான தரத்துக்குக் கொண்டுவர வேண்டும். கையில் பணம் இருப்பவனும் பழைய கட்டடத்துப் பக்கம் போகமாட்டான். 1998 ஜனவரியில் பழைய கட்டடங்களுக்கென்றே தனி விதித்தொகுப்பு கொண்டுவந்தார்கள். எவ்வளவு வேலை செய்கிறாயோ அந்த அளவுக்குத்தான் நிபந்தனை. உபயோகம் மாறினால், புது உபயோகம் பழையதைவிட ஆபத்து கூடியதா, குறைந்ததா என்று அட்டவணையில் பார்ப்பார்கள். கூடினால் அந்த அம்சத்தில் மட்டும் கூடுதல் பாதுகாப்பு கேட்பார்கள். லாஸ் ஏஞ்சலஸ் 1999-இல் நகர மையத்துப் பழைய அலுவலகக் கட்டடங்களை வீடுகளாக்கத் தனி ஆணை போட்டது. புதிதாகப் பார்க்கிங் கேட்கக் கூடாது, இருக்கிறது போதும் என்பது அதில் ஒரு முக்கியமான வரி. 12,000-க்கும் மேற்பட்ட வீடுகள் அதில் வந்தன. அவை பெரிய கட்டடங்கள். சின்னக் கட்டடங்களுக்கு நெருக்கமான உதாரணம் ஃபீனிக்ஸ் நகரம். 2008-இல் சின்ன அளவில் தொடங்கி, இப்படிப்பட்ட ஃபைல்களுக்கு ஆரம்பம் முதல் முடிவு வரை ஒரே அலுவலரைப் பொறுப்பாக்கினார்கள். விண்ணப்பிக்கும் முன்பே உட்காரவைத்துப் பேசினார்கள், கட்டணத்திலும் சலுகை தந்தார்கள்.

நம் மாநிலத்திலேயே உங்களுக்குச் சாதகமான ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. 2024 ஜூலையில் வந்த சுயசான்றுத் திட்டத்தில், 2,500 சதுர அடி வரையான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டுகிறவர் தானே சான்றளித்து இணையத்தில் உடனே அனுமதி பெறலாம். இல்லாத கட்டடத்துக்கு உரிமையாளர் சொல்லை நம்புகிற அரசு, கண்ணெதிரே நிற்கிற கட்டடத்துக்குப் பொறியாளர் சான்றோடு வந்தாலும் நம்ப மறுப்பது ஏன்? அதே பரப்பளவுக்குள், கட்டுமானப் பரப்பு கூடாமல் உபயோகம் மட்டும் மாறினால் அதே மாதிரி ஒரு வழி வேண்டும் என்று கேளுங்கள்.

ஆனால் யாரிடம் எதைக் கேட்பது என்பதில் கவனம். பார்க்கிங் விலக்கு, சுயசான்றை விரிவாக்குவது எல்லாம் மாநில விதித் திருத்தம். வீட்டு வசதி மற்றும் நகர்ப்புற வளர்ச்சித் துறைதான் செய்ய முடியும். நகராட்சித் தலைவரிடம் அதைக் கேட்டால் அவர் அனுதாபமாகத் தலையாட்டுவார், அவ்வளவுதான். மன்றத்தில் தீர்மானமாக நிறைவேற்றித் துறைக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள், அது அவர்கள் கையில் இருக்கிறது. இன்னும் சில விஷயங்களும் அவர்கள் கையிலேயே இருக்கின்றன, அவற்றுக்கு எந்த அரசாணையும் தேவைப்படாது. பழைய கட்டட ஃபைல்களுக்கு ஒரே பொறுப்பு அலுவலர். மாதம் ஒரு நாள், நகரமைப்பு, தீயணைப்பு, மின்வாரியம் மூவரும் ஒன்றாக வந்து இடத்தைப் பார்த்து, ஒரே தாளில் எல்லா நிபந்தனைகளையும் எழுதிக் கொடுப்பது. இப்போது ஒருவர் சொன்னதைச் செய்து முடித்தபின் அடுத்தவர் வந்து வேறு சொல்கிறார், அதில்தான் பணமும் பொறுமையும் கரைகிறது. அப்புறம் அந்தத் தனிச் சரிபார்ப்புப் பட்டியல். அதை அவர்கள் தயாரிக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். வெளியேறும் வழி, கூரை, தளத்தின் சுமை, மின்சாரம், கழிப்பறை, கழிவுநீர் இணைப்பு என்று ஒரு பக்கத்துக்கு நீங்களே ஒரு மாதிரியைப் போட்டு மனுவோடு இணையுங்கள். காலியான கோரிக்கையைவிட நிரப்பத் தயாரான தாள் சீக்கிரம் நகரும். திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாளில் ஆட்சியரிடம் ஒரு பிரதி கொடுத்துப் பதிவு எண் வாங்கிக்கொள்ளுங்கள்.

தெருவிலுள்ள ஏழெட்டு வீடுகளையும் ஒரே நேரத்தில் முன்னே நிறுத்த வேண்டாம். அதில் ஒருவர் ஹோட்டல் என்பார், இன்னொருவர் லாட்ஜ் என்பார், எல்லாம் அதோடு போய்விடும். எரிவாயு அடுப்பில்லாத, இரவில் யாரும் தங்காத உங்கள் தையல் பயிற்சிதான் முதல் ஃபைலாகப் போக வேண்டியது.

'சத்தமில்லாம ஆரம்பிச்சுடுங்க, அப்புறம் பாத்துக்கலாம்' என்று இதற்குள் யாராவது சொல்லியிருப்பார்கள். வேண்டாம். வீட்டு இணைப்பில் தொழில் நடத்துவது மின்சாரச் சட்டம், 2003-இன் 126-ஆம் பிரிவில் வரும். உரிய கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு, எப்போதிருந்து என்று தெரியாவிட்டால் ஓராண்டு வரைக்கும் போட்டுவிடலாம். இருபது பெண்கள் உள்ளே இருக்கும்போது ஏதாவது நடந்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் தேடுவதும் அனுமதி எண்ணைத்தான்.

திரும்பி வந்த இரண்டு குறிப்பாணைகளிலும் எந்த விதி எண்ணைக் காட்டி மறுத்திருக்கிறார்கள் என்று உங்கள் கடிதத்தில் இல்லை. எண்ணே குறிப்பிடவில்லை என்றால், குறிப்பிட்டுத் தரும்படி தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் உடனே ஒரு மனுப் போடுங்கள். மேல்முறையீட்டுக்குப் போக நேர்ந்தால் அதுதான் அடிப்படை. எண் இருந்தால் நகலை எனக்கு அனுப்புங்கள், மண்டல விவரத்தையும் சேர்த்து. பார்த்துவிட்டு எழுதுகிறேன்.